இரண்டாம் படிவத்துக்கு ஒரே செயல்திட்டம், பல பாடம்: ரப்பர் பாலை வைத்துச் செய்யலாமா?

சுங்கைக்கரை டீச்சர்
வணக்கம். மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம், இடைநிலைப்பள்ளி. இரண்டாம் படிவம், ஒரு வகுப்பில் 34 பேர். ஆறு வாரத்தில் எல்லாப் பாடங்களையும் இணைத்து ஒரு செயல்திட்டம் நடத்த வேண்டும். ரப்பர் பால் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். அறிவியல், கணிதம், ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்), வரலாறு, புவியியல், தமிழ், மலாய் என்று ஏழு பாடத்துக்கும் பங்கு பிரித்து ஒரு கட்டம் போட்டேன். அறிவியலில் பால் உறைதல், வரலாற்றில் ரப்பரின் கதை, தமிழில் கட்டுரை, ஆர்பிடியில் மாதிரி வடிவம். இதில் எது ஓடும், எது ஓடாது? அமில அளவு, பாதுகாப்பு பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெட்ரோலக்
டீச்சர், அந்தக் கட்டத்தை முதலில் ஓரமாக வையுங்கள். ஏழு பாடமும் "ரப்பர்" என்ற தலைப்பில் நிற்கின்றன, அவ்வளவுதான். வரலாற்று ஆசிரியர் தன் பகுதியைச் செய்யாமல் விட்டால் அறிவியலுக்கு ஏதாவது நட்டமா? இல்லை என்றால் அது ஒட்டுப்போட்ட வேலை. ஒரு பாடத்தில் கிடைக்கும் விடை அடுத்த பாடத்துக்கு மூலப்பொருளாகப் போக வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டாம் படிவத்தில் மூன்று பாடம்தான் தேறும்: அறிவியல் (அமிலமும் காரமும் இந்தப் படிவத்தில்தான் வருகிறது), கணிதம் (சராசரி, நடுவெண்), ஆர்பிடி.

கேள்வியையும் மாற்றுங்கள். "ரப்பர் பற்றி ஆராய்க" என்றால் இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டிய மணிலா அட்டைதான் வரும். இதைக் கேளுங்கள்: வாங்குபவர் சொல்லும் ரப்பர் சதவீதம் சரிதானா என்று சிறுதோட்டக்காரர் வீட்டிலேயே பார்க்க ஒரு கருவி செய்ய முடியுமா?

இதில் காசு இருக்கிறது, அதனால் பிள்ளைகளுக்குப் புரியும். உலர் ரப்பர் கிலோ 8 ரிங்கிட் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 40 கிலோ கட்டிப்பாலை (மரத்துக் கிண்ணத்திலேயே உறைந்த பால்) 50% என்று எடுப்பதற்கும் 55% என்று எடுப்பதற்கும் 16 ரிங்கிட் வித்தியாசம். பெரும்பாலும் கண்ணால் பார்த்து, கையால் அமுக்கித்தான் அந்தச் சதவீதம் முடிவாகிறது. கட்டிப்பாலை அளப்பது சிரமம், அதனால் பள்ளியில் திரவப் பாலில் தொடங்குங்கள்.

கணக்கு வாத்தியார்
மெட்ரோலக் அண்ணே சொன்னதற்கு என் ஓட்டு. ஒரு சந்தேகம் மட்டும். வாளியில் இருந்து பாலை எடுத்து வகுப்புக்கு வருவதற்குள் கட்டியாகி விடாதா?

மெட்ரோலக்
ஆகும். பாக்டீரியா அமிலம் உண்டாக்கும், சில மணி நேரத்தில் தானே உறையும். விடியலில் வெட்டிய பால் காலை ஒன்பது, பத்துக்குள் கைக்கு வந்து, அன்றே சோதனை முடிந்தால் ஒன்றும் சேர்க்க வேண்டாம். மறுநாளைக்கு வைக்க வேண்டும் என்றால் ஒரு லிட்டருக்கு 10% அமோனியா கரைசல் 5 மி.லி. விடுங்கள். பாலில் சுமார் 0.05% ஆகும். இதை ஆசிரியர்தான், வெளிக்காற்றில் நின்று செய்ய வேண்டும். மூடியை முகத்துக்கு நேரே திறக்கக்கூடாது.

ஏன் உறைகிறது என்பதை முன்பே சொல்லிக்கொடுத்து விடாதீர்கள், சோதனைக்குப் பிறகு பிள்ளைகளே வந்து கேட்பார்கள். ரப்பர் துகளைச் சுற்றிப் புரதப் படலம், அதன்மேல் எதிர்மின்னேற்றம். ஒன்றை ஒன்று விலக்குவதால் பால் பாலாகவே இருக்கிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்த மின்னேற்றத்தைச் சமன் செய்ததும் துகள்கள் மோதி, படலம் கிழிந்து, உள்ளே உள்ள ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அமோனியா இதற்கு நேர்மாறு, அமிலத்தை விழுங்கி மின்னேற்றத்தைக் காப்பாற்றுகிறது. ஐந்தாம் படிவ வேதியியலில் இதே பாடம் திரும்ப வரும்.

செம்மண் சடக்கு
தோட்டத்தில் ஃபார்மிக் அமிலம்தான் விடுவார்கள். பள்ளியிலும் அதையே பயன்படுத்தலாமே? வினிகரில் சரியாக வருமா?

மெட்ரோலக்
தம்பி, 90% ஃபார்மிக் தோலில் பட்டால் புண்ணாக்கும். பதினான்கு வயதுப் பிள்ளைகள் கையில் வேண்டாம். 2% ஆகக் கரைத்தது இருந்தால் சரி. கரைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. இல்லையென்றால் கடையில் விற்கும் 5% வினிகரே போதும்.

அளவு: 50 மி.லி. பால், 50 மி.லி. தண்ணீர். பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு என்றால் 17 கிராம். 2% ஃபார்மிக் 4 மி.லி. அளவில் உறையும். வினிகர் என்றால் 3 முதல் 4 மி.லி. அமோனியா சேர்த்த பாலாக இருந்தால் கூடுதலாக 2 மி.லி. வினிகர் போகும், முதலில் அமோனியாவைச் சமன் செய்ய வேண்டுமே. "போன தடவை உறைந்தது, இந்தத் தடவை ஏன் உறையவில்லை" என்று வரும் குழப்பத்தில் பாதி இதனால்தான். பாட்டிலில் எவ்வளவு அமோனியா விட்டோம் என்று எழுதி ஒட்டுங்கள்.

ஐந்து குவளை வையுங்கள். 1, 2, 3, 4, 6 மி.லி. வினிகர். ஒவ்வொன்றிலும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்து, உறையும் நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். பி.எச். 5-க்குப் பக்கம் வரும்போது பிடிக்கும். துளித்துளியாக விட்டுக் கலக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் ஊற்றிய இடத்தில் மட்டும் கட்டி விழுந்து, சுற்றிலும் பால் அப்படியே நிற்கும். வலுவான அமிலத்தை அளவுக்கு மீறி ஊற்றினால் துகள்கள் எல்லாம் நேர்மின்னேற்றம் பெற்று, உறையாமலே போகவும் கூடும்.

மங்கு
ஒரு எச்சரிக்கை, சோதனையை விட இது முக்கியம். பாலை ஆய்வகத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் உறைந்தால் குழாயைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மிஞ்சிய பாலை ஒரு வாளியில் விட்டு, வினிகர் சேர்த்து, முழுக்க உறைய வைத்து, கட்டியை எடுத்துக் குப்பையில் போடுங்கள். மிஞ்சும் நீர் புளிப்பு, அதில் சோடா உப்பு போட்டுச் சமன் செய்த பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மறுநாள் வரை வைத்தால் மூன்றாவது வகுப்பறை வரை நாறும்.

சீருடையில் பட்ட பால் காய்ந்தால் போகாது. பழைய சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். கையுறை நைட்ரைல் வாங்குங்கள். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால், ரப்பர் கையுறையைப் போட்டுவிட்டு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

சுங்கைக்கரை டீச்சர்
நன்றி. உறைதல் புரிந்தது. ஆனால் சதவீதம் கண்டுபிடிப்பது எப்படி? பள்ளியில் உள்ள தராசு 0.1 கிராம் வரை காட்டும். உலர்த்தும் அடுப்பு பழுது.

மெட்ரோலக்
10 கிராம் பாலைத் தட்டையான கிண்ணத்தில் நிறுத்து, 20 மி.லி. தண்ணீர், 1 மி.லி. வினிகர். கொதிக்காத வெந்நீரில் கிண்ணத்தை வைத்து அரை மணி நேரம். அடியில் நிற்கும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். பால் நிறமாக இருந்தால் இன்னும் ரப்பர் அதில் இருக்கிறது என்று பொருள், அரை மி.லி. வினிகர் சேர்த்துக் காத்திருங்கள். கட்டியை எடுத்து, கண்ணாடி பாட்டிலை உருட்டி 2 மி.மீ.க்கும் குறைவாக அழுத்தி, ஓடும் நீரில் அமிலம் போகக் கழுவுங்கள். அடுப்பு இருந்தால் 70 பாகை செல்சியஸில் 16 மணி நேரம். அதைவிடச் சூடு வேண்டாம், பிசுபிசுவென்று ஒட்டும்.

அடுப்பு இல்லையா, நிழலில் கயிற்றில் தொங்கவிடுங்கள். ஐந்து முதல் ஏழு நாள். முழுக்கத் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவ வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே ஈரம். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை ஒன்றாக வந்தால்தான் முடிந்தது. உலர் எடையைப் பால் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். 3.4 கிராம் வந்தால் 34%.

கணக்கு வாத்தியார்
தராசைப் பற்றி நான் சொல்கிறேன். 0.1 கிராம் தராசு என்றால் உலர் எடையில் 0.05 கிராம் முன்பின் இருக்கலாம். 10 கிராமுக்கு அது 0.5 சதவீதப் புள்ளி. பள்ளிக்கு அது போதும். சமையலறைத் தராசில் 1 கிராம்தான் காட்டும், 5 புள்ளி பிசகும். 34% என்பது 29 ஆகவும் இருக்கலாம், 39 ஆகவும் இருக்கலாம். அதை எல்லாம் வைத்துக்கொண்டு விவசாயியிடம் போய் நிற்க முடியாது. அந்தத் தராசு மட்டும்தான் இருக்கிறது என்றால் 100 கிராம் பால் எடுங்கள், பிசகு பழையபடி 0.5க்கு இறங்கும். ஆனால் 34 கிராம் கட்டி எளிதில் காயாது. மெல்லிய பட்டைகளாக வெட்டித் தொங்கவிட வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் ஒரே பாலில் இருந்து தனித்தனியாகச் செய்யட்டும். ஐந்து குழுவுக்கு 33.8, 34.2, 34.0, 33.6, 41.5 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 35.42. நடுவெண் 34.0. கடைசிக் குழுவின் ரப்பர் காயவில்லை என்பது எண்ணைப் பார்த்ததுமே தெரிகிறது. பாடநூலில் "சராசரியா நடுவெண்ணா, எது பொருத்தம்?" என்று கேட்டால் பிள்ளைகள் மனப்பாடமாகப் பதில் சொல்வார்கள். இங்கே 41.5ஐ நீக்கலாமா என்று சண்டை போடுவார்கள். உடனே நீக்க விடாதீர்கள். ரப்பரைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் காட்டி, வெள்ளைப் புள்ளி தெரிந்தால்தான் நீக்கலாம். காரணம் காட்டாமல் எண்ணைத் தள்ளுவது கணக்கில் திருட்டு.

செம்மண் சடக்கு
ஏழு நாள் காய வைப்பதையெல்லாம் சிறுதோட்டக்காரர் செய்ய மாட்டார். கருவி எங்கே?

மெட்ரோலக்
அங்கேதான் ஆர்பிடி. என் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மெட்ரோலக் என்பது பாலில் மிதக்கும் அளவி. ரப்பர் தண்ணீரை விட இலேசு, அடர்த்தி 0.92 அளவில். ஆகவே ரப்பர் கூடக் கூடப் பால் இலேசாகும், மிதவை ஆழமாக அமிழும். முழுப் பாலின் அடர்த்தி சுமார் 0.98.

எல்லோரும் செய்யும் பிழை: உறிஞ்சுகுழாயின் அடியில் களிமண் வைத்து மிதக்க விடுவது. தண்ணீரில் 12 செ.மீ. அமிழ்ந்த குழாய் பாலில் 2.4 மி.மீ. மட்டும் கூடுதலாக இறங்கும். கண்ணுக்கே தெரியாது, கருவி தோல்வி என்று எழுதிவிடுவார்கள். அடியில் பெரிய வயிறு, மேலே ஒல்லியான கழுத்து வேண்டும். மருந்து பாட்டிலில் மணலும் ஆணியும் போட்டு, மூடியில் துளையிட்டு 6 மி.மீ. குழாயை ஒட்டுங்கள். மொத்தம் 30 மி.லி. நீரை விலக்கும்படி எடை வையுங்கள், அதாவது 30 கிராம். பாலில் அது 30.6 மி.லி. விலக்க வேண்டும். கூடுதல் 0.6 மி.லி.யைக் கழுத்தின் பரப்பு 0.28 சதுர செ.மீ.ஆல் வகுத்தால் 2 செ.மீ.க்கு மேல் இறங்கும். அதில் கோடு போடலாம். பபிள் டீ குழாயைக் கழுத்தாக வைத்தால் பரப்பு நான்கு மடங்கு, இறக்கம் அரை சென்டிமீட்டர்தான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள், முதல் மாதிரி தோற்பதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

கணக்கு வாத்தியார்
கோடு எங்கே போடுவது என்று கேட்பார்களே?

மெட்ரோலக்
அறிவியல் வகுப்பில் உலர்த்திக் கண்டுபிடித்த எண் இல்லாமல் முடியாது, அதுதான் நான் முதலில் சொன்னது. தண்ணீரில் ஒரு கோடு, அது 0. அதே பாலில் ஒரு கோடு, 34. பாலையும் தண்ணீரையும் எடை சமமாகக் கலந்து ஒரு கோடு, 17. ஆனால் பால் ஒரு வாரத்துக்கு நிற்காது. கருவி முன்பே தயாராக இருக்க வேண்டும். அளக்கும் நாளில் ஒரே பாலில் கோடும் போட்டு, 10 கிராம் மாதிரியையும் எடுத்து வைத்து, ஏழு நாள் கழித்து எண் வந்ததும் கோட்டுக்குப் பெயர் எழுதுங்கள். அதற்கு மறு வாரம் வேறு தோட்டத்துப் பால். கருவி ஓர் எண்ணைச் சொல்லட்டும், உலர்த்தியும் பாருங்கள்.

பிசகும் இடங்கள்: மேலே நுரை இருந்தால் கோடு தெரியாது, வழித்துவிடுங்கள். கழுத்தில் பால் காய்ந்து படிந்தால் எடை கூடும், ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடையுங்கள். குவளை குறுகலாக இருந்தால் மிதவை சுவரில் ஒட்டும். வெயிலில் நின்ற பாலும் காலைப் பாலும் ஒரே அளவு காட்டா.

மங்கு
நாட்காட்டியை யாரும் பார்க்கவில்லையே. 2026இல் இருந்து பள்ளி ஜனவரியில் தொடங்குகிறது. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், பலர் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். ஏப்ரலுக்குப் பிறகு வையுங்கள். மழை பெய்த காலையில் பால் கிடைக்காது, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுபவரிடம் வாங்கினால் கணக்கும் மாறும். ஒவ்வொரு பால் நாளுக்கும் ஒரு மாற்று நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடிவீடு
எல்லாம் நல்லதுதான், ஆனால் பால்மரம் எங்கே மிச்சம் இருக்கிறது? நம் பக்கம் முழுக்கச் செம்பனை. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தெனமாராம் தோட்டத்தில் வணிகமாக நட்டது இப்போது வாசல்வரை வந்துவிட்டது. பால் கிடைக்காத பள்ளி என்ன செய்வது?

மெட்ரோலக்
அதே கேள்வியைச் செம்பனையில் கேட்கலாம். ஆலைகளில் 100 கிலோ குலையில் சுமார் 20 கிலோ எண்ணெய் வரும். உதிர்ந்த பழத்தை நிறுத்து, வேக வைத்து, இடித்து, பிழிந்து, மேலே மிதப்பதை எடுத்தால் எவ்வளவு வருகிறது? உதிர்ந்த பழத்தில் காம்பும் குலைத் தண்டும் இல்லாததால் ஆலை எண்ணோடு நேராக ஒப்பிடக்கூடாது, இதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று பாருங்கள். இடித்த பழத்தை உடனே வேக வைப்பதா, நாள் முழுக்க வைத்துப் பிறகா என்பதும் நல்ல சோதனை. நசுங்கிய பழத்தில் நொதி எண்ணெயை உடைத்து அமிலத்தைக் கூட்டும், சூடு அந்த நொதியை நிறுத்தும். ஆனால் கொதிக்கும் எண்ணெய் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம், வேக வைப்பது ஆசிரியர் வேலை.

வரிவடிவம்
வரலாறு, தமிழ் இரண்டையும் வெளியே தள்ளிவிட்டீர்கள். ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாம் படிவ வரலாறு மலாய் சுல்தானகம். அங்கே ரப்பரை ஒட்ட வைப்பது வீண் என்பது சரிதான். மூன்றாம் படிவத்தில் ஆங்கிலேயர் ஆட்சி வருகிறது. அப்போது நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது: 1877இல் கோலாகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது, 1938இல் கங்காணி வழி ஆள்சேர்ப்பு நின்றது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் நடந்த கொலைகளை ஒட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது.

தமிழை இந்தச் செயல்திட்டத்திலேயே வைக்க ஒரு வழி உண்டு, அதுவும் மெட்ரோலக் சொன்ன விதிப்படி. ஓய்வு பெற்ற பால்வெட்டுக்காரர்களிடம் "அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள். "பால் நிறுக்கும்போது அளவியை விட்டுப் பார்ப்பார்களா? தண்ணீர் கலந்தால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கட்டிப்பாலுக்கும் ஒட்டுப்பாலுக்கும் (வெட்டிய பட்டையில் காய்ந்து ஒட்டிய பால்) தனி எடையா?" என்று கேளுங்கள். அந்தப் பதில் கருவியின் வடிவத்தை மாற்றும். அவர்கள் கண்ணாடிக் கருவி உடையும் என்பார்கள், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கோடு தெரியாது என்பார்கள். மங்கு, காண்டா, நிரை, தண்டல், கிராணி என்று வரும் தோட்டத்துச் சொற்களைச் சேர்த்துப் பொருள் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடப் பதிவை எழுத்தாக்க ஒரு மணி நேரமாவது ஆகும், ஆகவே ஒரு குழுவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பதிவு செய்யும் முன் சம்மதம் கேட்க வேண்டும், பெயரைப் போடலாமா என்றும் தனியாகக் கேட்க வேண்டும்.

மெட்ரோலக்
இதை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. நான்கு பாடம் ஆகிவிட்டது. புவியியலை மட்டும் கேட்காதீர்கள்.

சுங்கைக்கரை டீச்சர்
மதிப்பீடு எப்படி? குழுவில் ஒருவர் செய்வார், மூவர் பார்ப்பார்கள். பெற்றோர் வேறு "ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் இது வருமா" என்று கேட்கிறார்கள்.

கணக்கு வாத்தியார்
2022இல் பி.டி.3 (மூன்றாம் படிவத் தேர்வு) நின்றுவிட்டது, கீழ்ப்படிவத்தில் வகுப்பறை மதிப்பீட்டுக்கு இடம் இருக்கிறது. ஆனால் குழுவுக்கு ஒரே அடைவுநிலை போடாதீர்கள். கருவிக்குக் குழு மதிப்பெண், அடைவுநிலை தனி ஆளுக்கு. ஒவ்வொரு பிள்ளையையும் மூன்று நிமிடம் கூப்பிட்டு, வேறொரு குழுவின் அட்டவணையைக் கொடுத்து "இந்தப் பாலின் சதவீதம் என்ன, இதில் எந்த எண்ணை நம்பமாட்டாய்?" என்று கேளுங்கள். 34 பேருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர் அங்கே தெரிந்துவிடுவார். தோற்ற கருவிக்கு, ஏன் தோற்றது என்று கணக்கோடு காட்டினால் உயர் நிலை கொடுக்கலாம். வண்ணம் அடித்த அழகான கருவிக்கு அளவு சரியில்லை என்றால் கொடுக்கக்கூடாது.

சுங்கைக்கரை டீச்சர்
சரி, இப்படி வைக்கிறேன். ஏப்ரல் கடைசியில் தொடக்கம். முதல் வாரம் கேள்வியும் நேர்காணலும். இரண்டாம் வாரம் உறைதல், முதல் மாதிரிக் கருவி. மூன்றாம் வாரம் கருவி திருத்தம். நான்காம் வாரம் பால் நாள், கோடு, உலர்த்தல். ஐந்தாம் வாரம் எண், இரண்டாம் தோட்டத்துப் பால். ஆறாம் வாரம் உலர்த்திய எண், ஒவ்வொருவரிடமும் மூன்று நிமிடக் கேள்வி. மலாய் அறிக்கையை விட்டுவிட்டேன்.

மங்கு
பால் நாளைத் திங்களில் வைக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வெட்டாதவர்கள் பலர், மறுநாள் பால் அதிகமாகவும் ரப்பர் வேறு அளவிலும் வரும். செவ்வாய் வையுங்கள், வியாழன் மாற்று நாள். மருந்து பாட்டில்களை இப்போதே கிளினிக்கில் கேட்டுச் சேருங்கள், எட்டுக் குழுவுக்குப் பதினாறு. முதல் எட்டு எப்படியும் மூழ்கிவிடும்.